எந்த வீட்டு ரத்தம்? மரபணு ரிப்போர்ட்டில் வரும் சொற்கள்

பரம்பரை நோய், மரபணு நோய், பிறவிக் குறைபாடு. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரைக்கும் எந்தத் தெருவில் கேட்டாலும் இந்த மூன்றையும் ஒரே அர்த்தத்தில்தான் சொல்வார்கள். மூன்றும் வேறு வேறு. பிரித்துத் தெரிந்துகொள்ளாததால், குழந்தைக்கு ஏதோ குறை என்று தெரிந்த அன்றைக்கே வீட்டுக்குள் பஞ்சாயத்து தொடங்கிவிடுகிறது, பெரும்பாலும் மருமகளாக வந்த பெண்ணின் தலையில் பழியைப் போட்டுவிட்டுத்தான் ஓய்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் 30 வருஷத்துக்கு மேல் உயிரியல் நடத்தியவள். ஓய்வு பெற்ற பிறகு, அக்கம்பக்கத்தில் யாருக்காவது இங்கிலீஷில் லேப் ரிப்போர்ட் வந்தால் என்னிடம் எடுத்து வருவது வழக்கமாகிவிட்டது. நான் டாக்டர் இல்லை, சொல்லுக்கு அர்த்தம் சொல்வேன், வைத்தியம் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். போன வருஷம் ஆடிக் கடைசியில் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் இரண்டு வயசுப் பையன், கூடவே மாமியார். பையனுக்கு பீட்டா தலசீமியா மேஜர், அதாவது உடம்பால் போதுமான ஹீமோகுளோபின் செய்ய முடியாத நோய், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றுகிறார்கள். அவள் ஃபைலைப் பிரிப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்: "எங்க வீட்ல ஏழு தலைமுறையா இப்படி ஒண்ணு கிடையாது டீச்சரம்மா. இது அவ வீட்டு ரத்தம்." அந்தப் பெண் பதில் பேசவில்லை. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "இதுல என்ன போட்டிருக்கு டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

'காம்பவுண்ட் ஹெட்டிரோசைகஸ்' என்று போட்டிருந்தது. மாமியார் சொன்னதற்கு முழுப் பதிலும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருந்தது. அதை அவர்களுக்குப் புரியும்படி சொல்ல ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று சொற்கள். பிறவிக் குறைபாடு என்றால் பிறக்கும்போதே இருப்பது, அவ்வளவுதான். எதனால் வந்தது என்பதைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரையோடோ, இதயக் கோளாறோடோ, காது கேட்காமலோ பிறக்கலாம். அது பிறவிக் குறைபாடு, மரபணுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மரபணு நோய் என்றால் டி.என்.ஏ.யில் உள்ள மாற்றத்தால் வருவது, ஆனால் அந்த மாற்றம் அப்பா அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டவுன் சிண்ட்ரோமில் 21ஆம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கும், 1959இல் பிரான்ஸில் இதைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம் சரியாகப் பிரியாமல் போவதால் வருவது. பெற்றவர்கள் இருவரின் குரோமோசோமும் சரியாகவே இருக்கும். தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும், 35 வயதில் ஏறக்குறைய 350 பிரசவத்துக்கு ஒன்று, 40 வயதில் 100க்கு ஒன்று. கிரகணத்தன்று அவள் காய் நறுக்கியதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இனி பரம்பரை நோய். இது பெற்றோர் வழியாக வருவது, ஆனால் பிறக்கும்போதே தெரிய வேண்டும் என்பதில்லை. மூளையை மெல்ல மெல்லச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் பெரும்பாலும் 30, 40 வயதுக்கு மேல்தான் தலைகாட்டும், அதற்குள் அவருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்திருக்கும்.

புற்றுநோயையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் புற்றுநோயை எடுத்தாலும் அந்தக் கட்டியின் செல்லுக்குள் டி.என்.ஏ. மாறியிருக்கும். அதை வைத்து 'புற்றுநோய் மரபணு நோய்' என்று பத்திரிகையில் எழுதுவார்கள், படிக்கிறவர்கள் 'அப்போ நம்ம பிள்ளைகளுக்கும் வரும்' என்று பயந்துபோவார்கள். பிள்ளைகளுக்கு இறங்கும் வகை 5 முதல் 10 சதவீதம்தான்.

அப்புறம் ரத்தம். நம் பேச்சில் ரத்தம் என்றால் வம்சம். ரத்த சொந்தம், ரத்த பாசம், 'ஒரே ரத்தம்' என்றெல்லாம் எத்தனை வார்த்தைகள். ஆனால் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற சிவப்பணு இருக்கிறதே, அது முதிர்ந்து ரத்தத்துக்கு வருவதற்கு முன் தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. உட்கரு இல்லாததால் அதில் குரோமோசோம் கிடையாது, வம்சத்தைப் பற்றி ஒரு எழுத்துகூட அதற்குள் கிடையாது. ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்கிறார்கள் என்றால் அது வெள்ளையணுவிலிருந்து. எச்சிலிலிருந்தும் செய்யலாம், முடியின் வேரிலிருந்தும் செய்யலாம், எல்லாவற்றிலும் அதே டி.என்.ஏ.தான். அந்தப் பையனுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறுவது யார் கொடுத்த ரத்தமோ, எந்த ஊர் எந்தச் சாதி என்று யாருக்குத் தெரியும், அதனால் அவன் வம்சம் மாறவில்லை. இதைச் சொன்னபோதுதான் மாமியார் முதல்முறையாகச் சுவரில் சாய்ந்திருந்ததை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சரி, அந்த டி.என்.ஏ.யில் என்னதான் இருக்கிறது? ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் 46 குரோமோசோம், அதாவது 23 ஜோடி. (48 என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள், 1956இல்தான் 46 என்று உறுதியானது.) ஜோடியில் ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. குரோமோசோம் என்பது டி.என்.ஏ. என்ற நீளமான இழையைச் சுருட்டி வைத்த கட்டு. அந்த இழை முழுக்க நாலே எழுத்து: ஏ, டி, ஜி, சி. தமிழுக்கு 247 எழுத்து, உடம்புக்கு நாலு போதும். ஒரு செட்டில் ஏறக்குறைய 310 கோடி எழுத்துகள். பக்கத்துக்கு 3,000 எழுத்து என்று அச்சடித்தால் பத்து லட்சம் பக்கம் வரும். இந்த மொத்தத்துக்குப் பெயர்தான் ஜீனோம். 1990இல் படிக்கத் தொடங்கி, 2003இல் முடிந்தது என்று அறிவித்தார்கள். அப்போதும் 8 சதவீதம் பாக்கி இருந்தது, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் என்பதால் அன்றைய கருவிகளால் வரிசைப்படுத்த முடியவில்லை. அதுவும் முழுசாகப் படித்து முடிந்தது 2022இல்.

'மரபியல்' என்ற சொல் நமக்குப் புதிதில்லை, தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்குப் பெயரே மரபியல்தான், கன்று, குட்டி, பறழ், பார்ப்பு என்று எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் என்பதை அது சொல்லும். அந்தப் பெயர் அப்படியே இன்றைய அறிவியலுக்கும் பொருந்தி உட்கார்ந்துவிட்டதில் எனக்கு மகிழ்ச்சி. ஜீனோமுக்கு நாம் வைத்த 'மரபணுத் தொகுதி' என்ற பெயரில்தான் எனக்கு மனக்குறை. மரபணுக்களை மட்டும் சேர்த்துக் கட்டிய மூட்டை என்று தோன்றிவிடும். உண்மையில் மரபணு, அதாவது ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும் பகுதி, சுமார் 20,000, புரதம் செய்யச் சொல்லும் எழுத்துகள் மொத்தத்தில் 2 சதவீதம்கூட வராது.

மீதி 98 சதவீதத்தை ஒரு காலத்தில் குப்பை டி.என்.ஏ. என்றே சொன்னார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கிராம வரைபடத்தை விரித்தால் நஞ்சை ஒரு பக்கம், அதைச் சுற்றி வாய்க்கால், வரப்பு, குளம், களம் என்று எவ்வளவோ புறம்போக்கு. புறம்போக்கில் நெல் விளையாது, ஆனால் அங்கே ஓடும் வாய்க்காலை அடைத்தால் எந்த வயலிலும் நெல் விளையாது. ஜீனோமிலும் அப்படித்தான், எந்த மரபணு எந்த செல்லில் எப்போது வேலை செய்ய வேண்டும் என்ற மதகுகள் பெரும்பாலும் அந்தப் 'புறம்போக்கில்' இருக்கின்றன. அந்த 98லும் உபயோகமே தெரியாத பகுதி நிறைய உண்டு என்பதையும் சொல்ல வேண்டும், எல்லாமே பொக்கிஷம் என்று எழுதுவதும் தப்பு.

கண்ணில் உள்ள செல்லுக்கும் ஈரலில் உள்ள செல்லுக்கும் ஒரே ஜீனோம்தான். மேட்டூரிலிருந்து வருவது ஒரே தண்ணீர். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து, கீழே ஒவ்வொரு தலைப்பிலும் எதைத் திறப்பது எதை மூடுவது என்று பார்த்து விடுகிற மாதிரி, ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய மரபணுவைத் திறந்து மற்றதை மூடி வைத்திருக்கிறது. இதைத்தான் ரிப்போர்ட்டில் 'ஜீன் எக்ஸ்பிரஷன்' என்கிறார்கள், தமிழில் மரபணு வெளிப்பாடு.

இந்த மதகு விஷயம் தலசீமியாவில் மிக முக்கியம். மாமியார் இன்னொன்றும் சொன்னார்: "பொறந்தப்ப தங்கமா இருந்தான். ஆறு மாசம் அவ பாலைக் குடிச்சதுக்கப்புறம்தான் வெளுத்துப் போனான்." அவர் பார்த்தது பொய்யில்லை, காரணம்தான் வேறு. கருவில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு ஒரு ஹீமோகுளோபின், அதைச் செய்ய காமா என்ற மரபணு திறந்திருக்கும். பிறந்த பிறகு அந்த மதகு மெல்ல மெல்ல மூடும், 11ஆம் குரோமோசோமில் உள்ள பீட்டா மரபணு திறக்கும், ஆறு மாதம் வாக்கில் பொறுப்பு முழுக்க பீட்டாவின் கைக்கு வந்துவிடும். பீட்டா கெட்டுப்போன குழந்தைக்கு அதுவரை ஒன்றும் தெரியாது, பொறுப்பு கைமாறும்போதுதான் வெளுக்கத் தொடங்கும். தாய்ப்பாலுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. இந்த ஒரு விஷயம் எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தால் எத்தனை பெண்கள் அழாமல் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மூடிய காமா மதகைத் திரும்பத் திறந்துவிடும் வைத்தியமும் இப்போது வந்துவிட்டது: நோயாளியின் எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ஸ்டெம் செல்களை எடுத்து, காமாவை மூடச் சொல்லும் மரபணுவைக் கிரிஸ்பர் என்ற, டி.என்.ஏ.யை வேண்டிய இடத்தில் வெட்டும் முறையில் முடக்கி, திருப்பி உடம்புக்குள் செலுத்துகிறார்கள். காஸ்ஜெவி என்று பெயர், 2023 நவம்பரில் பிரிட்டன் முதலில் அனுமதித்தது. அமெரிக்காவில் அதன் விலை 20 லட்சம் டாலருக்கு மேல். நம் பிள்ளைகளுக்கு அது எட்டும் காலம் வர வேண்டும்.

இனி எழுத்துப் பிழை. டி.என்.ஏ.யின் எழுத்துகளை உடம்பு மூன்று மூன்றாகப் படிக்கிறது, ஒவ்வொரு மூன்றும் ஒரு அமினோ அமிலம், அமினோ அமிலங்களைக் கோத்தால் புரதம். டி.என்.ஏ.யிலிருந்து பிரதி எடுத்த ஆர்.என்.ஏ.வைப் படித்து அப்படிக் கோக்கிற இயந்திரத்துக்கு ரைபோசோம் என்று பெயர், அதன் அமைப்பைக் கண்டுபிடித்ததற்காக 2009இல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் பிறந்தது கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில், சிதம்பரத்தில். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பிழை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் கரும்பலகையில் எழுதும் வாக்கியம் இது:

அவர் வயல் நடவு நமது கடன்.

எல்லாம் மூன்றெழுத்துச் சொல். இதில் ஒரே எழுத்தை மாற்றி 'அவர் வயது நடவு நமது கடன்' என்று எழுதினால் ஒரு சொல் மட்டும் கெடும், மற்றது நிற்கும். ரிப்போர்ட்டில் இதற்கு 'மிஸ்சென்ஸ்'. 'அவர் வயல்' என்பதோடு முற்றுப்புள்ளி விழுந்தால் புரதம் பாதியில் நின்றுவிடும், அது 'நான்சென்ஸ்'. இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டே உளறல் என்று நினைத்துத் தூக்கிப் போட்டவரை எனக்குத் தெரியும். இரண்டாவது எழுத்தான 'வ'வை எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: அர்வ யல்ந டவுந மதுக டன். ஒரு எழுத்து போனதில் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே சிதைந்துவிட்டது. இதுதான் 'ஃப்ரேம்ஷிப்ட்'. சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் அரிவாள் செல் நோயில் இவ்வளவுகூட இல்லை, பீட்டா மரபணுவில் ஜி-ஏ-ஜி என்று இருக்க வேண்டியது ஜி-டி-ஜி என்று மாறியிருக்கும், 310 கோடியில் ஒரே எழுத்து.

புறம்போக்கில் நடக்கும் பிழையும் உண்டு. இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில், புரதத்தில் சேராத இடைவெளிப் பகுதியில், 25 எழுத்துகள் விடுபட்டுப் போன ஒரு வடிவம் நம் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. வயதான பிறகு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பை அது பல மடங்கு கூட்டுகிறது. 2009இல் வெளிவந்த இந்த ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களின் பங்கு பெரியது.

இந்தப் பிழைக்குத் தமிழில் என்ன பெயர் என்பதில்தான் சங்கடம். பாடப்புத்தகத்தில் 'சடுதி மாற்றம்'. கேட்டவுடன் நேற்று ராத்திரி திடீரென்று நடந்த மாதிரி இருக்கும், நூறு தலைமுறையாக இறங்கி வருவதற்கும் அதே சொல்தான். இலங்கைத் தமிழர்கள் 'விகாரம்' என்பார்கள், அவர்களுக்கு அது அறிவியல் சொல். நம் ஊரில் பெற்றவளிடம் "உன் குழந்தைக்கு விகாரம் இருக்கு" என்று சொன்னால் அவள் என்ன ஆவாள்? இப்போது டாக்டர்களே 'மியூடேஷன்' என்பதைக் குறைத்து 'வேரியண்ட்' என்கிறார்கள். மாறுபாடு. எனக்கு இது பிடித்த சொல், யாரையும் குற்றம் சொல்லாத சொல். எந்த இரண்டு பேரின் ஜீனோமை எடுத்தாலும் லட்சக்கணக்கான இடங்களில் எழுத்து மாறியிருக்கும், பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை.

சில மாறுபாடுகள் நன்மையே செய்யும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா முழுகிக் கிடக்கும்போது சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகத்தை நட்டவர் வயலைப் பாருங்கள். நெல்லின் 9ஆம் குரோமோசோமில் சப்-1ஏ என்று ஒரு மரபணு, 2006இல் அடையாளம் கண்டார்கள், ஒடிசாவின் பழைய ரகம் ஒன்றிலிருந்து வந்தது. சாதாரணப் பயிர் முழுகியதும் தண்ணீருக்கு மேலே வர அவசரமாக நீண்டு, இருப்பில் உள்ள சக்தியையெல்லாம் தீர்த்து, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். இந்த வடிவம் உள்ள பயிர் வளர்வதை நிறுத்திக்கொண்டு இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். ஒரே மரபணுவுக்கு இப்படி வெவ்வேறு வடிவம் இருந்தால் அந்த வடிவங்களுக்கு அல்லீல் என்று பெயர். மேம்பட்ட ரகத்தோடு திரும்பத் திரும்ப ஒட்டுச் சேர்த்து உண்டாக்கியது இது, மரபணு மாற்றுப் பயிர் இல்லை, அந்தப் பயத்தில் இதை வேண்டாம் என்பவர்களுக்காகச் சொல்கிறேன். இன்னொன்று, 2005இல் நெல்லின் ஜீனோமைப் படித்து முடித்தபோது அதில் 37,000க்கு மேல் மரபணு இருக்கும் என்று கணக்கிட்டார்கள். நம்மைவிட அதிகம்.

இப்போது அந்த ரிப்போர்ட்டுக்கு வருவோம். மரபணு ஜோடியாக இருக்கிறது என்று சொன்னேன், அப்பா ஒன்று, அம்மா ஒன்று. வயலுக்கு இரண்டு போர் போட்டிருக்கிறீர்கள், ஒரு மோட்டார் எரிந்துவிட்டது, இன்னொன்று ஓடினால் பயிர் காயாது. ஒன்று கெட்டாலும் சமாளிக்கும் இந்த வகைக்கு 'ரிசஸிவ்', பாடப்புத்தகத்தில் ஒடுங்கு பண்பு. இரண்டும் எரிந்தால்தான் நோய். வேறு சில நோய்களில் ஒன்று கெட்டாலே போதும், வாய்க்காலில் ஒரு மடையில் சாக்கடை கலந்தால் இன்னொரு மடையில் நல்ல தண்ணீர் வந்து என்ன பயன், அந்த வகை 'டாமினன்ட்', ஓங்கு பண்பு. 'ஒடுங்கு' என்றதும் பலவீனமான நோய், பயமில்லை என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். அப்படி இல்லை, தலசீமியா மேஜர் ஒடுங்கு வகைதான்.

ஒரு மோட்டார் மட்டும் எரிந்தவருக்கு 'கேரியர்' என்று பெயர். பாடப்புத்தகத்தில் 'கடத்தி' என்று போட்டிருக்கிறார்கள், நம் காதில் அது பிள்ளை கடத்துவது மாதிரி விழுகிறது. இலங்கையில் 'காவி', நமக்கு அது வேட்டியின் நிறம். நான் கேரியர் என்றே விட்டுவிடுகிறேன், ஏனென்றால் நம் எல்லார் வீட்டிலும் டிபன் கேரியர் இருக்கிறது. அது சாப்பாட்டை எடுத்துப் போகும், தான் சாப்பிடாது. தலசீமியா கேரியருக்கு நோய் கிடையாது, வேலை செய்வார், நாத்து நடுவார், எண்பது வயது வாழ்வார். ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாக இருக்கும், சிவப்பணு சிறுசாக இருக்கும், அதைப் பார்த்துவிட்டு இரும்புச்சத்துக் குறைவு என்று வருஷக்கணக்கில் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். உடம்பின் இரும்புச்சத்தைத் தனியாக அளந்து பார்த்து, அது சரியாக இருந்தும் சிவப்பணு சிறுசாகவே இருந்தால் தலசீமியா கேரியரா என்று பார்க்க வேண்டும். ஹெச்.பி.எல்.சி. என்ற சோதனையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கேரியர். இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் இப்படி இருக்கிறார்கள்.

கேரியரும் கேரியரும் கல்யாணம் செய்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு. ஒவ்வொரு பிரசவத்திலும் என்பதைக் கவனியுங்கள், முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்ற கணக்கு கிடையாது. ஒரே மாறுபாடு இரண்டு பக்கமும் வந்தால் ஹோமோசைகஸ், ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஹெட்டிரோசைகஸ். அந்தப் பையனுக்குப் போட்டிருந்த காம்பவுண்ட் ஹெட்டிரோசைகஸ் என்பது, அப்பா பக்கத்து பீட்டாவில் ஒரு பிழை, அம்மா பக்கத்து பீட்டாவில் வேறொரு பிழை, இரண்டு மோட்டாரும் வெவ்வேறு காரணத்தால் எரிந்தது. மாமியாருக்கு நான் சொன்னது இதுதான்: "ரெண்டு பிழைல ஒண்ணு உங்க புள்ளகிட்டேருந்து வந்திருக்கும்மா. அது இல்லாம இந்த நோய் வந்திருக்கவே முடியாது."

'நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை' என்கிறோம். திருபுவனத்துத் தறியில் போய்ப் பாருங்கள், பாவும் வேண்டும் ஊடையும் வேண்டும், ஒன்றை மட்டும் வைத்து எவராலும் சேலை நெய்ய முடியாது. தாயிடமிருந்து மட்டும் வருவது என்று ஒன்று உண்டு, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். 310 கோடிக்கு முன்னால் அது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபீலியா, டுஷென் தசைச்சிதைவு மாதிரி எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் நோய்கள் ஆண் பிள்ளைக்குத் தாய் வழியாக வருகின்றன என்பது உண்மைதான், அதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புதிதாக உண்டான மாறுபாடு, தாயிடமே இருக்காது. புதிதாக உண்டாவதை 'டி நோவோ' என்று எழுதுவார்கள். ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத அறுபது எழுபது புது மாறுபாடுகள் இருக்கின்றன, அதில் பெரும்பங்கு அப்பாவின் விந்தணுவிலிருந்து வருகிறது, அப்பாவின் வயது கூடக் கூட அதுவும் கூடும். அம்மா வயதைப் பற்றி மட்டுமே பேசுகிற வீடுகளில் இதையும் பேச வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கான பி.ஆர்.சி.ஏ. மரபணுவிலும் இதே கதை. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டால் பெண்கள் அம்மா, சித்தி, பெரியம்மா என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அத்தைக்கு இருந்ததைச் சொல்ல மாட்டார்கள், அப்பா வழியில் மார்பு நோய் எப்படி வரும் என்று நினைப்பு. அப்பாவிடமிருந்தும் அதே பாதி வாய்ப்போடு வரும்.

"சொந்தத்துல கட்டலையே டீச்சரம்மா, அப்புறம் எப்படி?" என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. அக்காள் மகளைக் கட்டினால் பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு, அத்தை மகன் மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. அதனால் ஒடுங்கு நோய்களுக்கு வாய்ப்பு கூடுகிறது, அப்படிக் கட்டிய பெரும்பாலான குடும்பங்களில் பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் சொந்தம் இல்லை என்பதால் மட்டும் தப்பிவிட முடியாது. ஒரே சாதிக்குள் பல நூறு வருஷமாகக் கொண்டு கொடுத்தால், ஆதியில் இருந்த சில பேரின் மாறுபாடுகள் எல்லார் வீட்டுக்கும் பரவிவிடும். 2017இல் ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகளும் வெளிநாட்டவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆந்திர, தெலங்கானா வைசியர்களில் சிலருக்கு மயக்க மருந்தோடு கொடுக்கும் ஒரு தசைத் தளர்த்தி ஊசி போட்டால் வெகுநேரம் தசை அசையாமல் போவது டாக்டர்களுக்கு முன்பே தெரியும், அதற்குக் காரணம் இப்படி இறங்கிவந்த ஒரு மாறுபாடு. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம் ஹெச்.பி.எல்.சி.யையும் சேர்த்துப் பார்க்கலாம், செலவு அதிகமில்லை.

ரிப்போர்ட்டில் இன்னும் ஒன்று எல்லாரையும் குழப்பும், வி.யு.எஸ். அதாவது மாறுபாடு இருக்கிறது, அது நோய் தருமா தராதா என்று இன்றைக்குச் சொல்ல முடியவில்லை. 2015இல் அமெரிக்காவில் வகுத்த முறைப்படி மாறுபாடுகளை ஐந்தாகப் பிரிக்கிறார்கள், நோய் தருவது, அநேகமாகத் தருவது, தெரியாதது, அநேகமாகத் தராதது, தராதது, வி.யு.எஸ். நடுவில் உள்ளது. அதை 'பாசிட்டிவ்' என்று நினைத்து அழ வேண்டாம், அதை வைத்து எந்த முடிவும் எடுக்கவும் வேண்டாம். ஃபைலைப் பத்திரமாக வைத்திருந்து ஓரிரு வருஷம் கழித்து மறுபடி கேட்க வேண்டும், வகை மாறியிருக்கலாம். நமக்கு இது அதிகமாக வருவதற்கும் காரணம் உண்டு, உலகத்தில் இதுவரை படித்த ஜீனோம்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சத்தவருடையவை, நம் எழுத்தில் எது சகஜம் எது பிழை என்று ஒப்பிட நம் ஆட்களின் ஜீனோம் வேண்டும். ஜீனோம் இந்தியா திட்டத்தில் பத்தாயிரம் இந்தியர்களின் ஜீனோமைப் படித்து 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அப்புறம், 'எக்ஸோம்' சோதனை என்றால் அந்த 2 சதவீதத்தை மட்டும் படிப்பது, அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் மரபணுக் காரணமே இல்லை என்று அர்த்தமாகாது.

அன்றைக்குச் சாயங்காலம் கிளம்பும்போது மாமியாரிடம், உங்கள் பிள்ளைக்கு இது உங்களிடமிருந்தோ அவர் அப்பாவிடமிருந்தோ வந்திருக்கலாம், நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பார்த்தார். அவருக்கு இல்லை. அப்படியென்றால் பெரும்பாலும் இறந்துபோன அவர் வீட்டுக்காரர் வழி. அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் ஐந்து பேர், வலங்கைமான், பாபநாசம், ஒரத்தநாடு என்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக இருக்கிறார்கள், அதில் கல்யாணத்துக்குக் காத்திருப்பவர்கள் ஏழு பேர். புரட்டாசியில் மாமியாரும் மருமகளும் மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை கையில் ஒரு நோட்டு. யார் யாருக்கு முதலில் சோதனை செய்ய வேண்டும் என்று மாமியார் பெயர் சொல்லச் சொல்ல மருமகள் எழுதிக்கொண்டே வந்தாள், வலங்கைமான் கொழுந்தனாரின் மூத்த மகளுக்குத் தையில் நிச்சயம் என்பதால் அவள் பெயரை முதலில் எழுதச் சொன்னார்.